கண்ணாடி மடக்குகிறவள்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சுகுணா சொன்னதால் எழுதுகிறேன். ஓசூரிலிருந்து போன் செய்திருந்தாள். "அம்மா, வீதில வர்றவன் போறவனையெல்லாம் திட்டிக்கிட்டு நிக்காதீங்க. கேக்கறவங்க என்ன நெனப்பாங்க? திட்டணும்னு தோணுனா ஒரு நோட்டுல எழுதி வெய்யுங்க, மனசு ஆறும்" என்றாள். மனசு ஆறுவதற்கு அது என்ன காப்பியா? ஆனாலும் பெற்ற மகள் சொல்கிறாள். நான் ஏழாவது வரைக்கும் போனவள். நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்று பீரோ மேல் சும்மா கிடந்தது.

இன்றைக்குத் திட்ட வேண்டியவன் சிவப்புக் கார்க்காரன். பால் வாங்கப் போகும்போது இரண்டு பக்கமும் நின்ற வண்டிகளின் பக்கவாட்டுக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டே போனேன். தினமும் செய்வதுதான். அவன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான், நான் பார்க்கவில்லை.

"ஏம்மா, கண்ணாடில எதுக்குக் கை வெக்கற? புது வண்டி."

"புது வண்டின்னா உன்ர ஊட்டுல நிறுத்து. இது எங்க வீதி."

"பைத்தியமா நீ?"

ஆமாம், பைத்தியம்தான். என் வீட்டுக்காரர் போய் மூன்று வாரம் ஆகிறது. கிராஸ்கட் ரோட்டில் துணி எடுக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் எங்கள் வீதிதான் கார் நிறுத்தும் இடம். ரோட்டுக்குப் பின்னால் இரண்டாவது வீதியில் குடியிருப்பது நாங்கள் செய்த பாவம். ஒருவனாவது இறங்கும்போது வாசலில் நிற்கிறவளைப் பார்த்து, நிறுத்தலாமா என்று கேட்டது உண்டா?

ஆகஸ்ட் 27, புதன்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. எங்கள் குழாய்க் குழி கேட்டுக்கு வெளியே இருக்கிறது. மூடியின் மேல் ஒரு காரின் சக்கரம். அந்த மகராசன் துணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுச் சுந்தரியிடம் குடிக்க மட்டும் வாங்கிக்கொண்டேன். துவைக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

லோகு வந்தான். என் அண்ணன் மகன். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவன், அதை விட்டுவிட்டு வந்து இங்கே சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறான். கம்பெனி என்றால் ஒரு மாடி அறையும் நாலு பேரும்.

வந்ததும் தகர செட்டுக்குக் கீழே போய் நின்றான். அவருடைய டாக்ஸி நின்ற இடம். வண்டியைப் போன வாரம்தான் சுகுணாவின் வீட்டுக்காரர் விற்றுக் கொடுத்தார். எண்ணெய்க் கறை மட்டும் தரையில் இருக்கிறது, ஒரு முறம் அளவுக்கு. நான் அதை விட்டுச் சுற்றிப் பெருக்குகிறேன்.

"அத்தை, இந்த எடம் சும்மாதான கெடக்குது?"

"கெடக்கட்டும்."

"இல்லீங்கத்தை, கேளுங்க. நான் ஒரு ஆப் செஞ்சிட்டிருக்கறனுங்க. கடைக்கு வர்றவங்க போன்ல பாப்பாங்க. எந்த ஊட்டு வாசல் காலியா இருக்குதோ, அங்க காசு கட்டிப்போட்டு வண்டிய நிறுத்திக்குவாங்க. பேரே 'வாசல்'தானுங்க."

"ஊரான் வண்டி என்ர ஊட்டுக்குள்ள எதுக்குடா?"

"வீதில நிக்கறது அத்தனையும் ஊட்டுக்குள்ள போயிருமில்லீங்களா? வீதி காலியாயிரும். ஆம்புலன்ஸ் சல்லுனு உள்ள வரும்."

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். காப்பி வைத்தேன். இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டேன் போலிருக்கிறது, அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தான். டம்ளரை வாங்கும்போது சரி என்று சொல்லிவிட்டேன்.

அவனோடு வீதி முனை வரைக்கும் நடந்தேன். வழியில் நின்ற வண்டிகளின் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டே போனேன். லோகு பார்த்தான். எதற்கென்று கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

செப்டம்பர் 5, வெள்ளி

டேப் வைத்து இடத்தை அளந்தான். போட்டோ எடுத்தான். வெயில் வேறு பக்கம் போகட்டும் என்று காத்திருந்து மறுபடியும் எடுத்தான். பெண் பார்க்க அனுப்பும் போட்டோவுக்குக்கூட எங்கள் காலத்தில் இவ்வளவு பாடு இல்லை.

பிறகு என் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்து, அமுக்கிப் பாருங்கள் என்றான். யாராவது இடம் கேட்டால் மணி அடிக்கிறது. பச்சையாகப் பெரிதாக 'ஆம்' என்று வருகிறது. தோசைக்கல் மாதிரி.

"வேண்டாம்னா எதை அமுக்கறது?"

"அதுவும் இருக்குதுங்க. கீழ பாருங்க."

கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். அடியில் சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி 'இல்லை' என்று இருந்தது. அதை அமுக்கினால் நிச்சயமாகவா என்று கேட்கிறது. அதையும் அமுக்கினால், ஒருவர் உங்களை நம்பி வருகிறாரே, மறுபடி யோசிக்கலாமே என்கிறது.

"என்னடா இது, கடங்காரனாட்ட விடமாட்டேங்குது?"

லோகு சிரித்தான். "வேண்டாம்னு சொல்றத கொஞ்சம் கஷ்டமாத்தானுங்க வெக்கணும். அதான் டிசைன்."

"ஒரு மனுசன் வேண்டாம்னு சொல்றதுக்கு எதுக்குடா கஷ்டப்படணும்?"

"எல்லா ஆப்புலயும் அப்பிடித்தானுங்கத்தை."

எல்லோரும் செய்கிற அயோக்கியத்தனம் என்றால் அதற்கு டிசைன் என்று பேராம். சொல்லவில்லை. பையன் ஆசையாகச் செய்கிறான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் வண்டி வந்தது. எங்கள் வீதியில் மட்டும் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பார்களாம், பிறகு தீபாவளிக்கு முன்னால் ஊர் முழுவதற்கும் திறப்பார்களாம்.

உடுமலைக்காரர்கள். மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்தார்கள். வயசான அம்மா ஒருத்தி, தாயும் மகளும், ஓட்டி வந்த மாமன். வெயிலில் வந்தவர்களைக் கேட்டோடு அனுப்ப முடியுமா? தண்ணீர் கொடுத்தேன். அந்தம்மா ஒதுங்குவதற்குப் பொடக்காலி எந்தப் பக்கம் என்று கேட்டாள், காட்டினேன். கடையிலிருந்து திரும்பி வந்தபோது சோர்ந்துபோய் இருந்தார்கள், டீ போட்டேன், கூட நாலு முறுக்கு. புடவையைப் பிரித்துக் காட்டினார்கள். அரக்குக் கலர். நல்ல சரிகை. நான் தொடவில்லை, எட்ட நின்று பார்த்தேன். "தொட்டுப் பாருங்க அக்கா" என்று அந்தத் தாய்தான் என் கையைப் பிடித்து வைத்தாள்.

சுந்தரி காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டுச் சிரியாய்ச் சிரித்தாள். "ஏனுங்க்கா, காசு குடுத்து வண்டி நிறுத்தறவங்கள ஊட்டுக்கு வந்த ஒறம்பரையாட்டக் கவனிக்கறீங்க? அடுத்த வாட்டி பாய் விரிச்சுப் படுக்க வெச்சிருவீங்களாட்ட இருக்குது!"

சிரிக்கட்டும். வந்தவர்கள் போனபிறகு வீடு கொஞ்ச நேரம் வீடு மாதிரி இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

உடுமலைக்காரர்கள் எனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, டீ அருமை என்று எழுதிவிட்டார்களாம். லோகு ஆப்பில் என் வீட்டுப் பக்கத்தில் 'டீ உண்டு, கழிப்பறை உண்டு' என்று சேர்த்துவிட்டான். இன்றைக்கு வந்த ஒரு பொடியன் இறங்கியதும், "ஆன்ட்டி, டீ எங்க? ஆப்புல போட்டிருந்துதே" என்கிறான். நான் மனசாரக் கொடுத்ததை இவன்கள் விலைப்பட்டியலில் ஏற்றிவிட்டான்கள். டீத்தூள் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். மூன்று நட்சத்திரம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் வீதியில் பாதி வீட்டுக்காரர்கள் 'வாசல்' ஆப்பில் சேர்ந்துவிட்டார்கள். வருகிற வண்டிகள் வீடுகளுக்குள்தான் போகின்றன. லோகு சொன்னது பொய்யில்லை. ஆனால் வீட்டுக்காரர்களின் வண்டிகள் எங்கே போயின? கேட்டைத் திறந்து, தங்கள் வண்டியை வெளியே எடுத்து வீதியில் நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கிற இடத்தை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்! முன்பாவது கடை சாத்தினால் வந்த வண்டிகள் கிளம்பிப் போகும். இப்போது நிற்கிறவை இந்த வீதியிலேயே இருக்கிறவர்களுடையவை. நாள் முச்சூடும் அசையாது. ஆடித் தள்ளுபடியின்போதுகூட இப்படி இல்லை.

சுந்தரியும் அதைத்தான் செய்திருக்கிறாள். உள்ளே ஒருத்தனுடைய பெரிய வண்டி. தன்னுடையதை கேட்டை ஒட்டி வெளியே நிறுத்தியிருக்கிறாள். அவள் மகள் பூங்கொடி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டு மாசம். அந்தப் பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வர ஒரு சந்துதான் இருக்கிறது.

சுவர் ஓரமாய்ப் போய்ச் சொன்னேன். "சுந்தரி, புள்ளத்தாச்சி இருக்கற ஊடு. வண்டிய உள்ள எடுத்துப் போடு."

"என்ர ஊட்டு முன்னால என்ர வண்டி நிக்குது. உங்களுக்கென்னங்க்கா நோவுது? நீங்க மட்டும் வாடகைக்கு வுடலயா?"

"நான் வீதில எதையும் நிறுத்தல."

"உங்ககிட்ட நிறுத்தறதுக்கு வண்டியே இல்லீங்களே."

சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. முந்தானையை எடுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போனாள். நானும் உள்ளே வந்து, நாளைக்கு ஊற வைக்க வேண்டிய உளுந்தை இன்றைக்கே ஊறப் போட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

லோகு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். கேமராவும் விளக்கும் கொண்டுவந்தாள். திறப்பு விழாவில் காட்ட ஒரு சின்னப் படமாம். அந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள் அத்தை என்றான்.

சொன்னேன். காலையில் அவர் தோசை தின்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தது. ஆம்புலன்ஸ் வீதி முனைக்கு வந்து, உள்ளே வர முடியாமல் சத்தம் மட்டும் வந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். திரும்பும்போது இரண்டு பக்கமும் வண்டி, நடுவில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை, கண்ணாடிகள் தட்டின. கண்ணாடியை மடக்கி மடக்கி வழி விட்டும் பாதியில் மாட்டிக்கொண்டது. கடைசியில் வண்டிகளின் கூரைமேல் ஏற்றி, தலைக்கு மேலே தூக்கிக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோனார்கள். அவர் கண் திறந்திருந்தது. வாழ்நாள் முழுவதும் வண்டி ஓட்டியவர், வண்டிகளைக் கீழே பார்த்துக்கொண்டே போனார்.

இது வரைக்கும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் அந்தப் பெண், "ரொம்ப நல்லா வந்திருக்குங்க ஆன்ட்டி. பின்னாடி குக்கர் விசில் கேட்டுருச்சு, ஒன் மோர் போலாமா?" என்றாள். இன்னொரு தடவைக்கு வெளுத்த புடவை இருந்தால் மாற்றிக்கொள்ளச் சொன்னாள். அவருடைய மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். "ஃபர்ஸ்ட் டைம் கண்ணு கலங்குச்சே, அந்த மாதிரி" என்றாள்.

லோகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மறுபடியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குக்கரில் பருப்பு குழைந்துபோனது.

அக்டோபர் 3, வெள்ளி

லோகுவுக்கு போன் செய்தேன். "ஒரே ஒரு சட்டம் போடுடா கண்ணு. தன்ர வண்டிய வீதில நிறுத்தறவங்க வாசலை வாடகைக்கு வுடக் கூடாது. கேட்டுப்போட்டுச் சேர்த்துக்க."

"அத்தை, அது நம்ம கன்ட்ரோல்ல இல்லீங்க. அப்பிடிக் கேட்டா பாதிப் பேரு போயிருவாங்க. பணம் போட்டவரு இத்தனை வாசல் காட்டுன்னு கேக்கறாரு. மொதல்ல தொறந்துரலாம், அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா எப்ப? அடுத்த ஆளு போன பொறகா?"

மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

அக்டோபர் 7, செவ்வாய்

பெருக்கும்போது பார்த்தேன். செட்டுக்குக் கீழே கறை பெரிதாகியிருக்கிறது. வந்து நின்ற வண்டிகள் எல்லாம் சொட்டிவிட்டுப் போயிருக்கின்றன. ஒன்றோடு ஒன்று சேர்ந்து அகலமாகிவிட்டது. எது அவருடையது என்று இப்போது தெரியவில்லை.

குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் பால் பொங்கிவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

பூங்கொடிக்குக் கால் வீங்கியிருக்கிறது. சுவர் மேலாக எலுமிச்சம்பழம் கொடுத்தேன். சுந்தரியும் நானும் பேசிக்கொள்வதில்லை, பூங்கொடியோடு பேசுகிறேன்.

அக்டோபர் 11, சனி

நாளைக்குத் திறப்பு விழா. பெரிய ஓட்டலில். முதல் வாசல்காரி என்று என்னைத்தான் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டிருந்தான் லோகு. சுகுணா போனிலேயே சந்தோசத்தில் குதித்தாள்.

சாயங்காலம் என் நங்கை போன் செய்தாள். லோகுவின் அம்மா. சுற்றி வளைத்துப் பேசினாள். வெயில், விலைவாசி, சுகுணாவின் மகளுக்குப் பல் விழுந்தது. பிறகு மெதுவாக, "மரகதம், தப்பா எடுத்துக்காத. புதுசா ஆரம்பிக்கறாங்க. வருசம் திரும்பலயில்ல... வெளக்க வேற யாராச்சும் ஏத்தட்டும். நீ முன்னால வந்து நல்லா உக்காந்துக்க. அதான் படத்துல உன்னைக் காட்டறாங்களே" என்றாள்.

சரிங்க நங்கை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுதச் சொன்னாளே மகள், எழுதுகிறேன். என் கண்ணீர் ஆகும். என் வீட்டுக்காரர் செத்த கதை ஆகும். அவர் படத்து மாலை ஆகும். என் கை ஆகாது. அப்படித்தானே?

கூடவே இன்னொன்றும் செய்தேன். நாளை ஞாயிறு, தீபாவளிக் கூட்டம். மூன்று வண்டிக்காரர்கள் என் வாசலைக் கேட்டு மணி அடித்தார்கள். மூன்று தடவையும் அந்தச் சாம்பல் நிற எறும்பை அமுக்கினேன். யோசியுங்கள் என்றது. மறுபடி அமுக்கினேன். என்ன மாயமோ, கடைசியில் 'உறுதி செய்யப்பட்டது, நன்றி' என்று வந்தது. இல்லை என்று சொன்னதை ஆம் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு பெட்டியை என் அண்ணன் மகன் செய்திருக்கிறான்.

எடுத்துக்கொள்ளட்டும். பூட்டு என்னிடம் இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

நேரமாகிவிட்டது. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் கேட்டைப் பூட்டிவிட்டேன். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து ஆரன் அடித்தார்கள். திண்டாடட்டும் என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். லோகு போனில் கத்தினான். "அத்தை, இன்னிக்குப் போயி இப்பிடிப் பண்றீங்களே! ஒத்தை நட்சத்திரம் போட்டுட்டுப் போறாங்க!" வானத்தில் நிறைய இருக்கிறது, எடுத்துக்கொள் என்றேன்.

மத்தியானம் புடவை கட்டிக்கொண்டு கிளம்பியபோது சுவருக்கு அந்தப் பக்கம் சுந்தரியின் குரல். "மரகதக்கா! அக்கா!" பேசாமல் இருந்தவள் கூப்பிடுகிறாள் என்றால் என்னவென்று ஓடினேன். பூங்கொடி வாசற்படியில் உட்கார்ந்து தூணைப் பிடித்திருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. நாள் இன்னும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

சுந்தரியின் வண்டி கேட்டை ஒட்டி வெளியே நிற்கிறது. சாவி அவள் வீட்டுக்காரரிடம், அவர் வெடி வாங்க ஸ்கூட்டரில் போயிருக்கிறார். உள்ளே வாடகைக்கு நிற்கிற பெரிய வண்டிக்காரன் போனை எடுக்கவில்லை. ஆப்பில் உதவி என்று இருப்பதை அமுக்கினாள் சுந்தரி. எங்கள் குழுவினர் இன்று விழாவில் இருக்கிறார்கள், நாளை அழைக்கிறோம் என்று வந்தது.

நான் போன் செய்து கூப்பிட்ட ஆம்புலன்ஸ் முனையில் நின்று கத்த ஆரம்பித்தது.

அந்தச் சத்தம்தான். அதே சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். சுந்தரி வீட்டு கேட்டுச் சந்தில் அது நுழையவில்லை. "வேற வழி இருக்குதுங்களாம்மா?" என்றார் ஒருவர்.

"இங்கதான் வழி!" என்று என் கேட்டைத் திறந்துவிட்டேன். உள்ளே செட்டுக்குக் கீழே காலியாக இருந்தது. என் கேட்டுக்கு முன்னாலும் எந்த வண்டியும் இல்லை, என் வாய்க்குப் பயந்து இப்போதெல்லாம் யாரும் நிறுத்துவதில்லை. பூங்கொடியை நாற்காலியில் உட்கார வைத்து, காம்பவுண்டுச் சுவர் மேலாகத் தூக்கி இந்தப் பக்கம் இறக்கினார்கள். "பெரியம்மா, பெரியம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்துவிட்டது. அந்தக் கறையின் மேல்தான் ஸ்ட்ரெச்சரை வைத்து அவளைப் படுக்க வைத்தார்கள்.

பிறகு நான் முன்னால் ஓடினேன். காலையில் மடக்கிவிட்ட கண்ணாடிகள் பாதி மறுபடியும் விரிந்திருந்தன. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சில வண்டிகளில் மடங்க மாட்டேன் என்றது, வயிற்றால் தள்ளினேன். "கண்ணாடிய மடக்குங்க! மடக்குங்கடி!" என்று கத்தினேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் இறங்கி வந்தாள். தையல்காரி மிஷினை விட்டு எழுந்து வந்தாள். கோலப்பொடி விற்கிறவள் கூடையை இறக்கிவிட்டு அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். சுந்தரி தன் வண்டிக் கண்ணாடியைத் தானே மடக்கினாள். படார் என்று ஒரு சத்தம், உடைந்தேவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நுழைந்துவிட்டது. தரையோடு, சக்கரத்தில் உருண்டே போனது. யாரும் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருக்கவில்லை.

வண்டி போனபிறகு முனையில் நின்றுகொண்டிருந்தேன். புடவை ஓரம் கிழிந்திருந்தது. வீட்டுக்குப் போய் மாற்றலாம் என்று நினைத்தேன். பிறகு, எதற்கு மாற்ற வேண்டும் என்று ஒரு ஆட்டோவை நிறுத்தி ஓட்டலுக்குப் போனேன்.

ஏசி அறை. விளக்கு ஏற்றி முடித்திருந்தார்கள். பெரிய திரையில் நான் அழுதுகொண்டிருந்தேன். கூட்டம் உச்சுக் கொட்டியது. படம் முடிந்ததும் மேடையிலிருந்த பெண், இதோ நமது முதல் வாசல் அம்மா வந்துவிட்டார் என்று என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு மைக்குல பேசிப் பழக்கமில்லீங்க. திட்டித்தான் பழக்கம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள்.

"சிரிக்காதீங்க. இந்தப் படத்துல சொன்னது நெசந்தான். ஆனா இப்ப மத்தியானம் எங்க வீதில ஒரு புள்ளத்தாச்சியச் செவுத்து மேல தூக்கிப்போட்டுட்டு வர்றனுங்க. எதனால? இந்த வாசலாலதான். ஊட்டுக்குள்ள ஊரான் வண்டி, வீதில ஊட்டுக்காரன் வண்டி. ஆம்புலன்ஸ் எதுல வரும்? ஆகாசத்துலயா? ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சேத்துக்கடான்னு சொன்னேன். கன்ட்ரோல்ல இல்லையாம். இல்லைனு நான் சொன்னா அதையும் ஆமான்னு எடுத்துக்குது. அது மட்டும் யாரு கன்ட்ரோல்ல இருக்குது?"

பணம் போட்டவர் என்று நினைக்கிறேன், கோட்டுப் போட்ட ஒருவர் யாரையோ பார்த்துக் கையைக் காட்டினார். மைக்கை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மைக் எதற்கு?

"நங்கை, என்ர அழுகைய இத்தனை பெருசா போட்டுக் காட்ட ஆகுது, என்ர கை வெளக்கேத்த ஆகாதா?" நங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

லோகு மேடை ஓரத்தில் நின்றிருந்தான். புதுச் சட்டை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் இங்கே அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"லோகு. அன்னிக்கு உன்ர மாமனைத் தூக்கிட்டு வந்தப்ப, முன்னால ஓடி ஓடிக் கண்ணாடி மடக்குனது யாருடா? நீதான. விரல்ல ரத்தம் சொட்டச் சொட்ட மடக்குன. அது எங்கடா இந்தப் படத்துல? அத மட்டும் எதுக்குடா வுட்டுப்போட்ட?"

அவன் தன் விரலைப் பார்த்துக்கொண்டான்.

வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்திருந்தேன், இருட்டும்போது சுந்தரி போன் செய்தாள். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். அவ்வளவுதான் சொன்னாள், பிறகு இரண்டு பேரும் போனை வைக்காமலே அழுதோம்.

அக்டோபர் 14, செவ்வாய்

சுந்தரி வண்டியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டாள். ஒரு பக்கக் கண்ணாடி இல்லாமல் நிற்கிறது. மற்றவர்கள் எடுக்கவில்லை. தையல்காரியோடு சேர்ந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். சிலர் பார்க்கலாம் என்றார்கள். ஒருவர் கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகத் திட்டினேன். எழுதி வைக்கவில்லை, அங்கேயே திட்டிவிட்டேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்கள் வீட்டில் இந்த வருசம் நோம்பி இல்லை. துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, அதனால் பக்கத்து வீட்டிலிருந்துதான் பலகாரம் வர வேண்டும். சுந்தரி சுவர் மேலாகக் கொடுத்தாள், ஒரு தூக்குப் போசி நிறைய. குலாப் ஜாமூன் பாகு சரியாக வரவில்லை. அதையும் சொன்னேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

லோகு வந்தான். காரை வீதி முனைக்கும் அந்தப் பக்கம் எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்து வந்தான். காப்பி வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "பணம் போட்டவரு கோவமா இருக்கறாருங்கத்தை" என்றான்.

"இருக்கட்டும். நானும்தான் இருக்கறேன்."

"சேரும்போது கேக்கறதுக்கு ஒரு கேள்வி வெச்சிருக்கறனுங்க. உங்க வண்டி எங்க நிக்குதுன்னு. வீதிலன்னு சொன்னா சேர முடியாது. நெறையப் பேரு போயிருவாங்க."

"போகட்டும்."

"அவரு ஒத்துக்குவாரான்னு தெரியலீங்க."

அவன் கை விரலைப் பார்த்தேன். அன்றைக்குக் கிழிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கிறது.

பிறகு போனை நீட்டினான். "இதப் பாருங்க. நேத்துத்தான் மாத்துனேன். உங்களுக்குத்தானுங்க மொதல்ல காட்டறேன்."

என் வாசல் இருந்தது, அவன் வெயில் பார்த்து எடுத்த அதே போட்டோ. தொடர்ந்து வாடகைக்கு விடுகிறீர்களா என்று கேட்டிருந்தது. கீழே இரண்டு பொத்தான். 'ஆம்' ஒன்று, 'இல்லை' ஒன்று. இரண்டும் ஒரே அளவு. கண்ணாடி போடாமலே தெரிந்தது.

'இல்லை'யை அமுக்கினேன். நிச்சயமாகவா என்று கேட்கவில்லை. யோசிக்கச் சொல்லவில்லை. போட்டோ அப்படியே மறைந்துவிட்டது.

"அய்யோ அத்தை! என்னங்க அமுக்கிப்போட்டீங்க? சும்மா பாக்கத்தான குடுத்தேன்!"

"வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றேன். "செய்யுது."